ஊரா, காலனியா?

“மைக்க ஆஃப் பண்ணிட்டா முடிஞ்சிது மாமா. இதுக்குப் போயி ஏன் இவ்ளோ டென்ஷன் ஆவுற?”

அக்கா மகன் இதைச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இது அந்தப் பதில். கூடவே, சென்ற மாதம் நம் மாணவர் படிப்பு வட்டத்தில் கன்சோல் விளையாட்டும் பேச்சு நாகரிகமும் பற்றி ஒரு தம்பி வாசித்த கட்டுரைக்கும், கேட்டுவிட்டுக் கைதட்டிய தோழர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தம்பியின் கட்டுரையில் தப்பென்று எதையும் சொல்லிவிட முடியாது. தோற்கிறோம் என்று தெரிந்ததும் பாதியில் ஓடாதே. ஜெயித்தவனுக்கு ‘ஜிஜி’ போடு. வீட்டில் மிக்சி ஓடும்போது மைக்கைத் திறந்து வைத்துப் பத்துப் பேர் காதைக் கிழிக்காதே. செத்து விழுந்தவன் முகத்தின் மேல் குந்திக் குந்தி எழுந்து கேலி பண்ணாதே. புதிதாக வந்தவனைத் திட்டாமல் சொல்லிக்கொடு. யாராவது ஏசினால் பதிலுக்கு ஏசாதே, ‘மியூட்’ பண்ணு, ‘ரிப்போர்ட்’ அடி, அடுத்த ஆட்டத்துக்குப் போ. எல்லாம் நியாயம். நானே பாதியில் ஓடுகிறவன்தான், திருத்திக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒருத்தரும் ஏசாத இடத்தில் நடக்கும் அவமரியாதையை எந்தப் பட்டனை அமுக்கி மியூட் பண்ணுவது?

நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கன்சோல், அதற்கே மூன்று மாதத் தவணை. கால்பந்து. ஒவ்வொருத்தரும் ஒரு ஆட்டக்காரரை ஓட்ட வேண்டும். எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு அணி. நானும் அக்கா மகனும் ஆளுக்கொரு ஆட்டத்தை மாற்றி மாற்றி ஆடினோம். இரண்டு ஆட்டம் ஜெயித்ததும் தமிழ் பேசுகிற ஐந்தாறு பேர் ஒரு குரல் அறையில் சேர்ந்துகொண்டோம். “டேய் டிஃபன்ஸ், நீ யார்றா, செவுரு மாதிரி நிக்கிற” என்றான் ஒருத்தன். எனக்கு வயது முப்பத்தாறு. அவனுக்குக் குரலை வைத்துப் பார்த்தால் இருபதுக்குள். அந்த ‘டா’ எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியும், நாகரிகப் பட்டியல் போடுகிறவர்களுக்குப் புரியாது. என் தாத்தாவை ரெட்டியார் வீட்டுப் பத்து வயசுப் பொடியன் ‘இன்னாடா’ என்பான். அறுபது வயசுக் கிழவர் ‘சொல்லுங்க சாமி’ என்பார். தமிழில் வினைச்சொல்லின் வால்நுனியில் சாதி உட்கார்ந்திருக்கிறது. அந்த வால் அறுந்து, எல்லாரும் எல்லாருக்கும் ‘டா’, எல்லாரும் ‘மச்சி’, எல்லாரும் ‘ப்ரோ’. முகம் இல்லை, சட்டை இல்லை, தெரு இல்லை. அடடா, இதல்லவா சேரியும் ஊரும் இல்லாத இடம் என்று ஒரு கவிதைகூட மனசுக்குள் ஓடியது. (நல்ல வேளை, எழுதவில்லை.)

“ப்ரோ எந்த ஊரு?”

“விழுப்புரம் பக்கம்.”

“பக்கம்னா?”

ஊர்ப்பேரைச் சொன்னேன்.

“அட, எங்க சித்தி ஊரு அங்கதான் ப்ரோ. நீங்க ஊரா, காலனியா?”

மேடைகளில் சாதி ஒழிப்புக் கவிதை வாசிக்கிறவன், சங்கத்தில் ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறவன், ஒரு பிளாஸ்டிக் மைக்குக்கு முன்னால் சொன்னேன்: “நாங்க டவுன்லயே செட்டில் ஆயிட்டோம் ப்ரோ.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கி, மைக்கைத் தன் வாய்க்கு இழுத்து, “காலனிதான். ஏன் கேக்குற?” என்றான்.

ஒரு நாலு நொடி சத்தமில்லை. அப்புறம் அந்தப் பக்கத்துக் குரல் வந்தது. “ஓ... சரிங்க ப்ரோ. சும்மாதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

கவனியுங்கள் தோழர்களே. ‘டா’ போய்விட்டது. ‘ங்க’ வந்துவிட்டது. மரியாதை கூடிவிட்டது. அந்த ‘ங்க’வைப் போல ஒரு கெட்ட வார்த்தையை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. அடுத்த ஆட்டத்தில் பையன் கோலுக்கு நேர் எதிரே தனியாக நிற்கிறான், பந்து கேட்கும் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறான், பந்து வரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொண்ணூறு நிமிட ஆட்டம் அதில் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அவனுக்கு ஒரே ஒரு பாஸ்கூட வரவில்லை. யாரும் ஏசவில்லை. எல்லாரும் ரொம்ப நாகரிகமாக இருந்தார்கள். ஆட்டம் முடிந்து அறையிலிருந்து எங்களை வெளியேற்றிய பிறகுதான் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். சாதிப்பேர், அதற்கு முன்னும் பின்னும் எங்கள் அம்மாக்கள். அந்த வரியை இங்கே அச்சிட மாட்டேன். அச்சிட எனக்கு வெட்கமில்லை. அவன் வேலையை நான் ஏன் செய்துகொடுக்க வேண்டும்?

ரிப்போர்ட் அடித்தோம். இரண்டு நாளில் பதில் வந்தது: பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் காணப்படவில்லை. நன்றி. அப்போதுதான் பையன் மைக்கைப் பற்றி அப்படிச் சொன்னான்.

இப்போது தம்பியின் கட்டுரைக்கு வருவோம். நல்ல நடத்தை இருந்தால் போதும், ஆட்டம் சமத்துவமாகிவிடும் என்பது அதன் அடியில் ஓடும் நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு நூறு வருஷத்துக்கும் மேலான பழமை உண்டு. பூனாவில் ஐரோப்பியர்களின் கிரிக்கெட் மைதானத்தில் வேலைக்காரராக இருந்து, வலைப்பயிற்சியில் வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசியே பந்துவீச்சைக் கற்றவர் பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். வெள்ளையனைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசையில் பூனாவின் இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் தேநீர். அவரை யாரும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதாக வரலாறு இல்லை. கனவான்களின் ஆட்டமல்லவா! 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை; 1923இல்தான் அவர் தம்பி விட்டலுக்கு வந்தது. தீண்டாமை என்பதே ஒரு நடத்தை விதித் தொகுப்புதான். யார் எங்கே நிற்பது, யார் யாரை எப்படிக் கூப்பிடுவது, யார் குவளை எது. மிக நுணுக்கமான, மிகச் சத்தமில்லாத நாகரிகம் அது. அதனால்தான் ‘நாகரிகம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களின் கை தானாக இடுப்புத் துண்டைத் தேடுகிறது.

குரல் ஒரு அடையாள அட்டை என்பதை நமக்கு முன்னாலேயே அமெரிக்கக் கறுப்பர்கள் அனுபவித்துவிட்டார்கள். 2002 நவம்பரில் மைக்ரோசாப்ட் ‘எக்ஸ்பாக்ஸ் லைவ்’ சேவையைத் தொடங்கியபோது பெட்டியோடு ஒரு ஹெட்செட்டையும் சேர்த்தே கொடுத்தது. திரையில் எல்லாரும் கவசம் போட்ட வீரர்கள், வாயைத் திறந்ததும் ஒருத்தர் கறுப்பர், ஒருத்தர் பெண், ஒருத்தர் மெக்சிகோக்காரர். கிஷோனா கிரே என்ற கறுப்பினப் பெண் ஆய்வாளர் இந்தக் குரல் அறைகளுக்குள் இருந்தே ஆய்வு செய்து 2014இல் புத்தகமாக எழுதினார். பேச்சுத்தொனியைக் கேட்ட மாத்திரத்தில் இனவசை தொடங்குவதையும், பெண்கள் பொது அறைகளை விட்டு விலகித் தங்களுக்குள் தனிக் குழுக்கள் கட்டிக்கொண்டதையும் பதிவு செய்திருக்கிறார். நம்மூரில் குரல் மட்டும் போதாது. ‘இன்னா’ என்றால் வடமாவட்டம் என்று தெரியும், தெரு தெரியாது. அதனால்தான் அந்தக் கேள்வி வருகிறது. கறுப்பருக்குத் தோல் செய்வதை நமக்கு முகவரி செய்கிறது. 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் எழுந்து, ‘காலனி’ என்ற சொல் வசவாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குகிறோம் என்று அறிவித்தார். நல்லது. ஆவணத்திலிருந்து எடுக்கலாம். சித்தி ஊர்க்காரன் வாயிலிருந்து?

‘ரிப்போர்ட் அடி’ என்கிறார்கள். யாரிடம்? விதிகளைப் பார்க்காமல் பேசவில்லை. மைக்ரோசாப்ட் 2019இல் ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. ஆட்டத்தில் சீண்டுவது எதுவரை சரி, எதிலிருந்து வசை என்று உதாரண வாக்கியங்களோடு. குறி தவறியவனைக் கிண்டலடிக்கலாம். இனத்தை, பாலினத்தை இழுக்கக்கூடாது. சரியான கோடுதான். 2023இல் எட்டுப் புள்ளித் தண்டனை முறை வந்தது. எட்டும் சேர்ந்தால் ஒரு வருஷம் பேச்சு, செய்தி எதுவும் கிடையாது. அதே வருஷம், கேட்ட வசையை அறுபது நொடி ஒலித்துண்டாக எடுத்துப் புகாரோடு அனுப்பும் வசதியும் வந்தது. ‘கால் ஆஃப் டூட்டி’ விளையாட்டில் குரலைக் கேட்டே வசையைக் கண்டுபிடிக்கும் எந்திரத்தை இறக்கினார்கள். முதலில் ஆங்கிலத்துக்கு, பிறகு ஸ்பானியத்துக்கும் போர்த்துகீசியத்துக்கும். கறுப்பரை இழிவுபடுத்தும் அந்த ஆங்கிலச் சொல்லை இன்று வடிகட்டிகள் பிடிக்கின்றன. எந்திரத்துக்குக் கருணை பிறந்துவிட்டதாலா? அந்த மக்கள் தெருவில் செத்து, நீதிமன்றத்தில் நின்று, பல்கலைக்கழகத்தில் எழுதி, அந்தச் சொல்லை உச்சரிக்க வெட்கப்பட வைத்திருக்கிறார்கள். நம் சாதிப்பேரோ ஆங்கில அகராதியிலேயே ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் சாதாரணச் சொல்லாகக் குந்தியிருக்கிறது. தலையங்கங்களில் நாடுகளுக்கும் தலைவர்களுக்கும் அடைமொழியாகப் போடுகிறார்கள். அகராதியில் மரியாதையாக இருக்கிற சொல்லை எந்த வடிகட்டி பிடிக்கும்? சாதியை ஒரு பாகுபாடாக எழுதிச் சட்டம் போட்ட முதல் அமெரிக்க நகரம் சியாட்டில், 2023 பிப்ரவரியில். மைக்ரோசாப்டின் தலைமையகத்துக்குப் பக்கத்து ஊர். அந்தப் பக்கத்து ஊருக்கே அது வந்துசேர இவ்வளவு காலம். அதுவும் அங்கே போய்ச் சேர்ந்த நம் ஆட்கள் கத்திக் கத்தி.

சட்டம் இருக்கிறதே என்பார்கள் சட்டக்கல்லூரித் தோழர்கள். இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. பொதுப்பார்வையில் படும் இடத்தில் சாதிப்பேர் சொல்லி ஏசினால் குற்றம். 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் பேசியது பொதுப்பார்வை ஆகாது என்றது. 2022இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தில் ஏற்றிய வசை பொதுப்பார்வைதான் என்றது. அப்படியென்றால் ஐந்து ஊரிலிருந்து ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் குரல் அறை நாலு சுவரா, நடுத்தெருவா? தனிச் செய்தியாக வந்த வசைக்கு என்ன பேர்? ஏசியவன் யார் என்பதற்கு நம் கையில் இருப்பது ஒரு புனைபெயரும் நாலு எண்ணும். இதை வழக்காக எடுத்து நடத்திப் பார்க்க ஒரு வக்கீல் தோழர் வேண்டும். நாகரிகப் பட்டியல் வாசித்த தம்பி சட்டம்தான் படிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனிடமே கேட்கிறேன்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வந்தது அன்றைய கூட்டத்தில். “நாகரிகம்னு பேசறதே பார்ப்பனியம் தோழர். கெட்ட வார்த்தைதான் கலகம்னு நாமதானே எழுதினோம்? கேம்ல வந்து மட்டும் எதுக்கு ஒழுக்கம்?” கைதட்டல் இதற்கும் குறைவில்லை.

எழுதியவர்கள் நமக்கு முந்தைய தலைமுறை. தொண்ணூறுகளில் தலித் எழுத்து வந்தபோது ‘கொச்சை, ஆபாசம், இலக்கிய நாகரிகம் இல்லை’ என்று மூக்கைப் பொத்தினார்கள். நம் ஆட்கள் நாறட்டும் என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்து எழுதினார்கள். சரியாகத்தான் செய்தார்கள். என் கவிதைத் தொகுப்பையும் ‘சற்றுக் கரடுமுரடு’ என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வங்கியில் நோட்டு எண்ணுகிறவனுக்கு அது பாராட்டு. ஆனால் அந்தச் சொற்கள் எந்தத் திசையில் பாய்ந்தன என்று பார்க்க வேண்டாமா? கீழேயிருந்து மேலே. மிராசுதாரை நோக்கி, சாமியை நோக்கி, போலீஸ்காரனை நோக்கி. ராத்திரி பதினோரு மணிக்கு கேமில் நம் பையன்கள் விடுகிற வார்த்தை யார் மேல் போய் விழுகிறது? எதிராளியின் அம்மா மேல், அக்கா மேல். தோற்றவனை ‘ஒம்போது’ என்கிறான். ஊரால் துரத்தப்பட்டுத் தெருவில் நிற்கிற திருநங்கையைக் கூப்பிட்டு வந்து தன் தோல்விக்கு அவமானச் சின்னம் ஆக்குகிறான். இது கலகமா? என் அக்கா மகனே ஒரு பெண்குரல் கேட்டதும் “சமையல் ஆச்சா?” என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அவனை அறைந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

‘ஹேலோ 3’ என்ற விளையாட்டை வைத்து அமெரிக்கர்கள் இருவர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரே வாக்கியங்களை ஆண்குரலிலும் பெண்குரலிலும் ஒலிபரப்பினார்கள். பெண்குரலுக்கு மூன்று மடங்கு வசை வந்தது. அதே தரவுகளை வைத்து 2015இல் வந்த இன்னொரு கட்டுரை, யார் ஏசுகிறார்கள் என்று பார்த்தது. நன்றாக ஆடுகிறவர்கள் அல்ல; மோசமாக ஆடுகிறவர்கள், தோற்கிறவர்கள். தன்னைவிட நன்றாக ஆடும் ஆணிடம் பணிந்து போகிறார்கள், பெண்குரலைக் கண்டால் பாய்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஹேலோ ஞாபகம் வரவில்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. மேலே இருக்கிறவனை எதிர்க்க வக்கில்லாதவன் கீழே ஒரு படி தேடுகிறான். அந்த சித்தி ஊர்க்காரன் எனக்குச் செய்ததை என் பையன் அந்தப் பெண்ணுக்குச் செய்கிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறேன்.

‘இதெல்லாம் கேம் கல்ச்சர்’ என்பது மூன்றாவது சால்ஜாப்பு. 2012இல் கேப்காம் கம்பெனி நடத்திய ஒரு சண்டை விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சியில், அணியிலிருந்த பெண்ணைப் பயிற்சியாளரே கேமரா முன்னால் நாள்கணக்கில் ஆபாசமாகச் சீண்டினார். கேட்டதற்கு, அதுதான் எங்கள் கலாச்சாரம், அதை எடுத்துவிட்டால் இந்தக் கூட்டமே இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். அந்தப் பெண் போட்டியை விட்டு விலகினார். இரட்டைக் குவளைக்கும் இதே பதிலைத்தான் டீக்கடைக்காரன் சொன்னான். வழக்கம், தம்பி. காலங்காலமா.

அப்புறம் ‘மியூட்’. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிகிறது. ஏசினவன் பேசிக்கொண்டே இருப்பான், நான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். என் மைக்கை நான் அணைத்துவிட வேண்டும். தெருவில் அவர்கள் வரும்போது ஒதுங்கி நின்ற தாத்தாவுக்கும் இதைத்தானே சொன்னார்கள், “ஒதுங்கிப் போய்ட்டா பிரச்சன இல்ல.” சோனிக்கும் மைக்ரோசாப்டுக்கும் சந்தா கட்டித்தான் இந்த அறைகளுக்குள் நுழைகிறோம். பணம் கட்டி, பேச்சை விட்டுக்கொடுத்து, பந்து வராத இடத்தில் நின்றுகொண்டிருப்பதற்குப் பேர் நாகரிகமா? இருபது வயசுப் பையன் ஆறு மாதமாக ஊமையாக ஆடுகிறான். அணியோடு சேர்ந்து ஆடும் ஆட்டத்தை விட்டுவிட்டான். கார் ஓட்டுகிறான், தனியாக.

தம்பியின் பட்டியலில் நான் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன், முதல் வரியாக: ஊர் எது என்று கேட்டவன், எந்தத் தெரு என்று கேட்காதே. எவனாவது கேட்டால், கேட்கப்பட்டவன் பதில் சொல்லக் காத்திருக்காமல் அந்த அறையில் இருக்கிற மற்றவர்கள் வாயைத் திற. அன்றைக்கு அந்த அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாலு நொடி சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த நாலு நொடியின் மேல்தான் வழக்கு. என் மேலும்தான், ‘டவுன்ல செட்டில்’ என்று சொன்னவன் நான்.

போன ஞாயிறு இந்தக் கட்டுரையின் பாதியை அவனிடம் படித்துக் காட்டினேன். ‘சமையல் ஆச்சா’ வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து கன்சோலைப் போட்டு, காரை விட்டுவிட்டு கால்பந்தை எடுத்தான். மைக்கை மாட்டினான். இரண்டாவது ஆட்டத்தில் எவனோ ஒருத்தன், “ப்ரோ நீங்க எந்த ஊரு?”

ஊர்ப்பேரைச் சொன்னான். சொல்லிவிட்டு, “காலனி. நீ?” என்றான்.

அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் இரைச்சல். பிறகு ஒரு பையன் குரல், திண்டிவனம் பக்கத்துத் தமிழ்: “நானும்தான்டா. பந்த இந்தாண்ட தள்ளு.”

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். யாரும் பாதியில் ஓடவில்லை.